தார்ப்பாய்க்குள் வெந்த புதினா

என் அலமாரியில் பழைய இருமல் மருந்து பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே புதினா எண்ணெய். மூடியைத் திறந்தால் முதலில் மூக்கில் சில்லென்று ஏறும். பின்னாலேயே ஊறிப்போன வைக்கோலின் புளித்த நாற்றம் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். அது என் அண்ணி கொடுத்தது.

தாமல் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அண்ணிதான் முதன்முதலாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். அதிலும் நெல் வைக்காமல், காய்ச்சி எண்ணெய் எடுக்கிற புதினாவை வைத்தாள். நான் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்த்தேன். "ஊருக்கே சட்னி அரைக்கப் போறியா அண்ணி?" என்று கிண்டல் செய்தேன். "அரைச்சா மொதல்ல உனக்குத்தான் பாப்பா" என்றாள். நிலத்துக்காரர் சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார். ஒரே ஒரு அறுவடை பார்ப்பேன், எண்ணெய் தேறவில்லை என்றால் மனை போடக் கேட்கிறவர்களுக்கு நிலத்தைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அறுவடை அன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். காலையில் அறுத்த தழையை வயலிலேயே வாட விட்டு, சாயங்காலம் காய்ச்சுவதாக ஏற்பாடு. அண்ணி ரோட்டோரக் கொட்டகையில் கொதிகலனைத் தயார் செய்யப் போயிருந்தாள். மதியமே ஏரிப் பக்கம் வானம் கறுத்தது. அண்ணன் யோசிக்கவே இல்லை. மழை வந்தால் நெற்கதிரை என்ன செய்வாரோ அதையே செய்தார். தழையையெல்லாம் வாரி, காலால் மிதித்து, போராகக் குவித்து, தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். உள்ளே ஒரு சொட்டுகூடப் போகாது என்று எங்கள் எல்லோருக்கும் ஒரே பெருமை.

மழை விடவில்லை. கொட்டகையில் காத்திருந்து பொறுக்காமல், பொழுது சாயும் நேரத்தில் அண்ணி நனைந்துகொண்டே ஓடிவந்தாள். மெச்சுவாள் என்று நினைத்தோம். அவள் தார்ப்பாய்க்குள் முழங்கை வரை கையை விட்டாள்.

"இன்னாங்க, கைய உள்ள வுட்டுப் பாருங்க."

அண்ணன் விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார். உள்ளே அப்படிக் கொதித்தது.

"நெல்லு தாங்கும். இது வெந்துக்கினு இருக்குது" என்றாள்.

பிரித்தால் நனையும், பிரிக்காவிட்டால் வேகும். அண்ணன், "இப்ப இன்னாமே பண்றது?" என்று, அண்ணியிடம் எப்போதும் போட்டுப் பேசுகிற அந்த 'மே'யோடு, அழாத குறையாகக் கேட்டார். அண்ணி வயலை ஒட்டியிருந்த எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "கட்டில வெளிய போடுங்க."

கட்டில், டிவி, அரிசி டிரம் எல்லாம் தாழ்வாரத்துக்குப் போயின. கூடத்திலும் சமையலறையிலும், சுவரில் சிலுவை மாட்டியிருந்த மூலையிலும் தழையைப் பரப்பினோம். கண் எரிந்து நீர் கொட்டியது. யாரும் யாரையும் திட்டவில்லை; எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. பரப்பி ஆறியதைத் தார்ப்பாய் போர்த்திய டிராக்டரில் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சத் தொடங்கினோம்.

விடிந்ததும் வாத்தியார் ஸ்கூட்டரில் வந்து நின்றார். ஆவி குளிர்ந்து இறங்குகிற குழாயில் வெறும் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. அண்ணி அதன் அடியில் வைத்திருந்த குடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் மஞ்சளாக ஒரு ஏடு படர்ந்தது, பிறகு தடித்தது. வாத்தியார் விரலால் தொட்டு முகர்ந்தார். "அடுத்த போகமும் நீயே வைம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போரின் அடியில் கறுத்துப்போன தழையைத் தனியாகக் காய்ச்சினாள். அந்த நாற்ற எண்ணெய்தான் இந்தப் பாட்டிலில் இருப்பது. "நல்லதெல்லாம் கேன்ல போய்டும். இது நம்ளது, வெச்சிக்க பாப்பா" என்றாள்.

இந்த வருஷமும் தையில் புதினா நட்டாள். அறுவடைக்கு அவள் இல்லை. மாரடைப்பு என்றார்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் அறுவடை அன்று வானம் கறுத்ததும் இந்தப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணன் மறுபடி போர் போட்டிருந்தால் மூக்கில் காட்ட வேண்டும் என்று. வீட்டு வாசலில் கட்டில் கிடந்தது. உள்ளே கூடம் முழுக்கத் தழை. ஜன்னலோரம், அண்ணி படுக்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது. நான் பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. அண்ணன் குனிந்து தழைக்குள் கையை விட்டார். என்னை அவர் பார்க்கவில்லை. ஜன்னலோரத்தைப் பார்த்துத்தான் சொன்னார்:

"சூடு இல்லமே."