இருக்கா என்று கேட்பவள்

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவளுக்கு 'இருக்கா அக்கா' என்று பெயர். நோயாளிகளின் விவரம் இருக்கும் அட்டவணைகளில் புதுக் கட்டம் சேர்ப்பதும் பழையதை எடுப்பதும் அவள் வேலை. ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது மாதிரிதான். அதற்காகச் சின்னச் சின்ன உதவி நிரல்கள் எழுதி வைத்திருந்தாள். ஒரு கட்டத்தைச் சேர்க்கும் முன் அவை 'இது ஏற்கெனவே இருக்கா?' என்று பார்க்கும். இருந்தால் தொடாமல் நகர்ந்துவிடும். அவசரக்குடுக்கை யாராவது ஒரே வேலையை இரண்டு தரம் ஓட்டினாலும் குடி முழுகிவிடாது.

இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. சாவி இருக்கா, குடை இருக்கா. நடுநடுவே புருஷன் இருக்கானா என்றுகூடப் பார்த்துக்கொள்வாள் என்று கணவன் கிண்டலடிப்பான்.

மதியமானால் அப்பாவுக்குப் போன். அம்மா போனபின் அவர் தனியாக இருக்கிறார், பிரஷர் வேறு. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம். அந்தப் பயத்திலும் அவள் கேட்பது அதேதான்: சாப்பாடு இருக்கா, மாத்திரை இருக்கா. அவரும் இருக்கு, இருக்கு என்பார். மகள் நிம்மதியாகப் போனை வைப்பாள்.

ஒருநாள், நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுத ஒரு கட்டம் கேட்டார்கள். நிரலை ஓட்டினாள். ஏற்கெனவே இருக்கிறது என்றது. வேலை மிச்சம் என்று காபி குடிக்கப் போனாள்.

காபி ஆறுவதற்குள் வார்டு நர்ஸ் கூப்பிட்டார். மருந்துப் பெயரை அடித்தால் ஏறவே மாட்டேன் என்கிறதாம். எப்போதோ யாரோ அதே பெயரில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள், ஆம் இல்லை மட்டும் குறிக்க. நிரல் அதைப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாக நகர்ந்திருக்கிறது. நல்லவேளை, நர்ஸ் டாக்டரிடம் நேரிலேயே சொல்லிவிட்டார்.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கட்டத்தைச் சரிசெய்துவிட்டு, நிரலுக்கு இரண்டாவது கேள்வி ஒன்றையும் சொல்லிக்கொடுத்தாள்: இருந்தால், எப்படி இருக்கு?

அந்தச் சூட்டோடு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"எப்படி இருக்கீங்கப்பா?"

அப்பாவுக்குப் பழக்கமில்லாத கேள்வி. வேலை ஏதும் போய்விட்டதா என்று மெல்ல விசாரித்தார். அதெல்லாம் இல்லை என்றாள். பிறகுதான், கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது என்றார்.

"மாத்திரை இருக்குன்னு தினம் சொன்னீங்களேப்பா?"

"இருக்கும்மா. சாப்பிட்டாத்தானே தீரும்."