அலைக்குளத்தில் ஜுலைகா

மொய்னுதீன் ஊட்டியில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருஷமாக, எங்கெங்கிருந்தோ வரும் குடும்பங்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. மலைக்குக் கீழே, மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்கு மட்டும் இருநூறு தடவையாவது போயிருப்பார். கேட் வரைக்கும்தான். வேனை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுப் பின் சீட்டில் படுத்துக்கொள்வார். மதிலுக்கு மேலே பாதி ராட்டினம் தெரியும். உள்ளே கூச்சல் கேட்கும். சாயந்திரம் ஈரத் தலையோடு வருகிறவர்களை எண்ணி ஏற்றிக்கொண்டு மலையேறுவார்.

ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவருக்கு வேலை. அதனால் சொந்தக் குடும்பத்தோடு எங்கேயும் போனதில்லை. மகள் அல்ஃபியாவுக்குக் கோயமுத்தூரில் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தபோதுதான் உறைத்தது. அடுத்த மாதம் அவள் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள்.

பக்ரீத்துக்கு மறுநாள் மூன்று பேரும் வேனில் அதே தீம் பார்க்குக்கு மலையிறங்கினார்கள். மனைவி ஜுலைகா கட்டிக்கொண்டு வந்த ஆப்பத்தையும் கறியையும் வேப்பமரத்தடியிலேயே சாப்பிட்டு முடித்தார்கள்.

"சரி, நீங்க போய்ட்டு வாங்க. நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்றார் மொய்னுதீன். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அல்ஃபியா அவரையே பார்த்தாள். "அத்தா, நாங்க சவாரி இல்ல."

ஜுலைகா அவர் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போயும் அவரால் டிரைவராக இல்லாமல் இருக்க முடியவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டார். அம்மாவும் மகளும் ராட்டினத்தில் சுற்றி இறங்கும் வரை வாசலில் நின்றார். நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்த்தார்.

மத்தியானம் அலைக்குளத்துக்கு வந்தார்கள். அல்ஃபியா நைலான் உடுப்பு கொண்டுவந்திருந்தாள். ஜுலைகா போட்டிருந்தது பருத்திச் சுடிதார். "காட்டன் துணியோட எறங்கக் கூடாதுங்கக்கா" என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

"அதுக்கென்னங்க! பையக் குடுங்க, நான் இங்க உக்காந்துக்கறேன். நீங்க புள்ளையோட போங்க" என்று ஜுலைகா சிரித்தபடி கல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்தச் சிரிப்பு மொய்னுதீனுக்குத் தெரியும். 'அவசரமில்லீங்க, நிதானமா வாங்க' என்று சவாரிக்காரர்களிடம் சொல்லும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு அது. அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நேராகக் குளத்தோரத்து நீச்சல் உடுப்புக் கடைக்குப் போனார்.

"முழுசா மூடற மாதிரி, தலைக்கும் சேத்து ஒண்ணு குடுங்க."

"சைஸ் எவ்வளவுங்க?"

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளின் அளவு தெரியவில்லை. "என் காது வரைக்கும் வருவாங்க" என்று கையை வைத்துக் காட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதாகவே வாங்கினார். தனக்கும் ஒரு நைலான் டிரவுசர் வாங்கிக்கொண்டார்.

உடுத்திக்கொண்டு வந்த ஜுலைகாவின் கை விரல்கூட வெளியே தெரியவில்லை. "ஏனுங்க, இதுக்குள்ள நம்ம வேனையே நிறுத்தலாம் போலிருக்கு" என்று சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

பைகளை லாக்கரில் பூட்டிவிட்டு மூவரும் இறங்கினார்கள். சங்கு ஊதியது. அலை எழுந்து வந்தது. கண் தெரியாத பனிமூட்டத்திலும் கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டித் திரும்பிய மனிதர், இடுப்பளவுத் தண்ணீரில் கால் வழுக்கி இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டார். ஒரு கை அவரைப் பிடித்து நிமிர்த்தியது. ஜுலைகாவின் கை.

"எதுத்து நிக்காதீங்க. அலை வர்றப்ப லேசாக் குதிங்க, அதுவே தூக்கிவிடும்."

சொல்லிவிட்டு அவள் மல்லாந்து சாய்ந்தாள். அடுத்த அலை அவளை ஒரு இலையைப் போல் ஏந்திக்கொண்டு போய்க் கரையோரம் விட்டது. கையை வீசி நீந்தித் திரும்பி வந்தாள்.

"அம்மா! உனக்கு நீச்சல் தெரியுமா?" அல்ஃபியா கத்தினாள்.

"என்ர ஊடு பவானி ஆத்தோரந்தானே. ஸ்கூல் விட்டா ஆத்துலதான் கெடப்போம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார் மொய்னுதீன்.

"கல்யாணமாகி அந்தக் குளுருக்குள்ள வந்தப்புறம் எங்கீங்க நீந்தறது?" அதில் குறையேதும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர்தான் முகத்தைத் தண்ணீரில் முக்கி எழுந்தார்.

குளத்தை மூடும் விசில் ஊதுகிற வரை அவள் வெளியே வரவில்லை. அவரும் மணி பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டும்போது மொய்னுதீன் சொன்னார்: "அடுத்த மாசம் புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு வர்றப்ப உங்க ஆத்துக்குப் போவோம்."

"அன்னிக்குச் சவாரி வந்துட்டா?"

"ஸ்டாண்டுல இருக்கற டிரைவர் பாலன் ஓட்டட்டும்."

சொன்னபடியே போனார்கள். மலையில் நல்ல மழை, ஆற்றில் செந்நிற வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. இறங்க முடியாது. மகளை விட்டுவிட்டு வந்த கனம் இருவருக்கும் இருந்தது. படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்தார்கள். எந்தப் பாறையிலிருந்து குதிப்போம், எங்கே சுழல் இருக்கும், யார் முதலில் அக்கரை தொட்டது என்று ஜுலைகா கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.