முதுகில் படாத மண்

பெட்டியிலிருந்து எடுத்து உதறிப் பார்க்கிறேன், இன்னும் மணல் உதிர்கிறது. தொண்டியில் படகுகளுக்குப் பாய் தைத்துக்கொண்டிருந்த என் மாமா, மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த ஜூடோ சட்டை இது. வலது கை தோளோடு கிழிந்து தொங்குகிறது. இதைப் போட்டிருந்தவன் போலீஸ் பயிற்சியில் எனக்கு ஜோடியாக வந்தவன்.

அறுபதுகளின் தொடக்கம். ராமநாதபுரத்தில் இருவரும் புதிய போலீஸ்காரர்கள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவன் சிக்கல் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, ஊரறிந்த குஸ்திக்காரன். விடிந்தால் எங்களுக்கு ஒரே வேலைதான். அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, திரும்பி, அவனை என் இடுப்பில் ஏற்றி, எறியாமல் இறக்கிவிடுவேன். மறுபடியும் இழுப்பு, திருப்பம், ஏற்றம். அதுவரை ஒழுங்காகத்தான் போகும். கடைசியில் பயிற்சி கொடுக்கும் ஏட்டய்யா "எறி" என்றதும்தான் வம்பு. ஜூடோவில் எறியப்பட்டவன் முதுகோடு விழ வேண்டும். குஸ்தியிலோ முதுகில் மண் பட்டால் தோற்றான். பாவிப்பயல், முதுகைக் காப்பாற்றக் கையை ஊன்றுவான்.

"ஏலே, கை முறிஞ்சா வேலை போயிரும்லே!" என்று கத்துவார் ஏட்டய்யா.

"என்ன செய்ய மாப்ள, ஒடம்பு கேக்க மாட்டேங்குது" என்பான் என்னிடம்.

மெல்ல மெல்லப் பழகினான். பெரிய அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தைய வாரம் அட்டகாசமாக விழுந்தான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பார்வையிடும் நாளன்று மைதானத்து மணல் மேல் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். முன்வரிசையில் அவனைப் பெற்ற அய்யா உட்கார்ந்திருந்தார். யார்தான் சொல்லி வரவழைத்தார்களோ! அவரைப் பார்த்ததும் அவன் முகமே மாறிவிட்டது.

"அங்கன பாக்காத மாப்ள. என்னையப் பாரு" என்றேன். அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தேன்.

இழுத்தேன், திரும்பினேன், ஏற்றினேன், எறிந்தேன். நடுவழியில் நான் பிடித்திருந்த கையை வெடுக்கென்று பிடுங்கினான். நான் விடவில்லை. சட்டையின் பாய்த்துணி பர்ரென்று கிழிந்தது, கையை ஊன்றிவிட்டான். எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசைக்கே கேட்டிருக்கும். வலியில் தார்ப்பாயைத் தாண்டிப் புரண்டு, எழுந்து உட்கார்ந்தான்.

அய்யா ஓடிவந்தார். கையைப் பார்க்கவில்லை.

"முதுகுல மண்ணு பட்டுச்சாலே?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முதுகு என் பக்கம் இருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை ஒரே மணல். தூக்கிவிடுகிறவன் போல அவனை அணைத்து, முதுகை அழுத்தித் துடைத்தேன்.

"படலய்யா" என்றேன்.

எலும்பு கோணலாகக் கூடியது. வேலை போயிற்று. சட்டையை நானே வைத்துக்கொண்டேன். ஊருக்குப் போய், கையெட்டிய மட்டும் விவசாயம் பார்த்தான். "கை போனாப் போகுது மாப்ள, முதுகுல மண்ணு படலயே" என்று பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். போன மாதம் சாகக் கிடந்தபோதும் அதையேதான் சொன்னான். "ஆமா மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவின் ஞாபகமாக இந்தச் சட்டையை வாங்கிப்போக அவன் மகன் நாளைக்கு வருகிறான். முதுகுப் பக்கத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறிக்கொண்டிருக்கிறேன். மணல் தீர்ந்தபாடில்லை.