மெஜந்தா சாப்பிடத் தொடங்கிய மாதம்

நேற்று எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினேன். கருவாட்டு வாசம். மூன்றாம் மாடி அம்மாவின் கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் நெத்திலி. கூட ஏறிய இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க, உங்களுக்கு இந்த வாசமெல்லாம் ஆகாதுல்ல" என்றார். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, நான் அந்த வாசத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து கருவாட்டை நாக்கில் வைத்ததில்லை. ஆனால் ஒரு மாதம் முழுக்க அதை ஊறவைத்து, பிழிந்து, முள் பொறுக்கி, விரல் நுனியில் எடுத்து ஊட்டியிருக்கிறேன். மனிதருக்கு இல்லை. மெஜந்தாவுக்கு.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. சின்னாளப்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திண்டுக்கல் வருவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் டைப் அடிக்கும் வேலை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊராருடைய நல்லது கெட்டது எல்லாம் என் கீபோர்டு வழியாகத்தான் வெளியே போகும். தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவளுக்கு ஆஃப்செட் மிஷின் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. அதற்காக வேலையில் கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஃபைலைத் திறந்து அதன்மேலேயே புதியதை அடிப்பது என் வழக்கம். அப்படி ஒரு தடவை, கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரியை அப்படியே விட்டுவிட்டேன். மிஷின் ஓட்டும் மாரியண்ணன்தான் கண்டுபிடித்தார்.

"ஏ தாயி, செத்தவரு நம்மள எங்கிட்டு வரச் சொல்றாரு?"

மெஜந்தா என்கிற அந்தப் பூனையை நான் முதலில் பார்த்ததும் இதே மாதிரி ஒரு தவறில்தான். மிஷினைத் துடைக்க மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் துணி வாங்கிப் போட்டிருப்பார்கள். பேப்பர் கட்டுகளுக்கு இடையில் அப்படி ஒரு துணி அழுக்காகக் கிடந்தது. எடுத்துப் போடலாம் என்று குனிந்து தொட்டேன். துணி கண்ணைத் திறந்தது.

பயத்தில் நான் போட்ட கூச்சலுக்கு அது எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்துக்கொண்டது. வெள்ளைப் பூனை, ஆனால் வெள்ளை என்று சொல்வதற்கு மனசாட்சி இடம் கொடுக்காது. முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். வயிறு ஒட்டிப்போய், இடுப்புக்குப் பக்கத்தில் குழி விழுந்திருந்தது. மை துடைத்த துணியில் படுத்துப் படுத்து முதுகில் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. அச்சகத்தில் அந்த நிறத்துக்கு மெஜந்தா என்று பெயர். பூனைக்கும் அதையே நான் வைத்தேன். அதுவரை அதற்குப் பேரே இல்லை.

முதலாளி சூசை சார் எலி பிடிப்பதற்காகத்தான் அதைக் கொண்டுவந்திருந்தார். பேப்பர் இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. அறுபதை நெருங்கிய மனிதர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் போவார். மற்ற நாளெல்லாம் இடது கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவம், தொழில் கவலை என்று நான் நினைத்திருந்தேன். பூனை விஷயத்தில் அவருக்கு அசைக்க முடியாத ஒரு கொள்கை இருந்தது.

"வயிறு நெறஞ்சா அது எதுக்கு எலியத் தேடப்போகுது? சோறு வச்சுக் கெடுக்காதீங்க."

கொள்கைப்படி யாரும் சோறு வைக்கவில்லை. பூனையும் எலியைத் தேடவில்லை. எலிகள் அதன் முன்னாலேயே சாவகாசமாக நடந்து போய்வந்தன. தாடிக்கொம்பில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகைகளைக் கட்டிவைத்திருந்தோம். மறுநாள் வந்து பார்த்தால் முந்நூறு பத்திரிகைக்கு மூலை இல்லை. மாப்பிள்ளை வாங்கிய பட்டத்தை எலி தின்றிருந்தது. சூசை சாருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏலே மாரி, இந்தச் சனியனச் சாக்குல போட்டு பைபாஸ்ல விட்டுட்டு வா. வேற பூனை பாத்துக்கலாம்."

மாரியண்ணன் சாக்கை எடுக்கவில்லை, எடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாத நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"சார், ஒரு மாசம் குடுங்க. நான் சாப்பாடு வைக்கிறேன். அப்பவும் எலி பிடிக்கலைன்னா நீங்க சொல்றபடி செய்யலாம்."

"நீயா? பூனை வளத்திருக்கியா?"

"இல்ல சார்."

என் பதிலைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாசம். அம்புட்டுத்தான்" என்றார்.

முதல் நாள் என் டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதம் வைத்தேன். ஏன் சிரிக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் தயிர்சாதம்தான். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் இட்லி. அதற்கும் அதே மரியாதை. டீக்கடையில் பால் வாங்கி ஊற்றினேன். குடித்தது. எனக்கு ஒரே பெருமை. சாயங்காலத்துக்குள் வயிற்றால் போய், அரை ரீம் பேப்பர் பாழாகி, நானே உட்கார்ந்து துடைத்தேன். மூன்றாம் நாள் மாரியண்ணன் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டு மீன் வைத்தார். மெஜந்தா ஆசையாக ஓடிவந்தது, வாயில் கவ்வியது, ஒரு சத்தம் போட்டது, மீனைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் மீன் கிடக்கிறது. அது மீனையே பார்க்கிறது. கிட்டே வரவில்லை.

"இது பொழைக்காது" என்றார் மாரியண்ணன், எனக்குக் கேட்காத மாதிரி சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அடுத்த நாள் காலை, பத்திரிகை அடுக்கும் அட்டைப்பெட்டியில் அதை வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் நாலு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, காலில் கட்டுப் போட்ட ஒரு சண்டைச்சேவல். சேவல்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக்காண்டு பூனைக்கு ஆஸ்பத்திரியா?" என்றார். சேவலைக் காட்டி, "அது மட்டும் என்ன யானையாண்ணே?" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, உட்கார எனக்கு இடம் விட்டார்.

டாக்டர் ஒரு அம்மா. பேசிக்கொண்டே மெஜந்தாவின் வாயைப் பிரித்தார். எனக்கும் காட்டினார். ஈறு செக்கச்செவேலென்று வீங்கி, பின்பக்கம் ஒரு பல் அழுகிக் கறுத்திருந்தது.

"இதுக்குப் பசி இல்லாம இல்லம்மா. கொலப்பசி. திங்க முடியல. கடிச்சாலே உயிர் போற வலி வரும். வயித்துல பூச்சி வேற."

பட்டினி போட்டதும் நோயும் சேர்ந்து இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டது என்றார். மயக்க ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். பூச்சிக்கு மருந்து, புண்ணுக்கு மருந்து. ஒரே தடவையில் நிறையக் கொடுக்கக் கூடாது, காய்ந்துபோன வயிறு தாங்காது. குழைய மசித்து, வெதுவெதுப்பாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஒவ்வொரு ஸ்பூன். பால் வேண்டாம். உப்பு, காரம் வேண்டாம். "வாசம் முக்கியம். வாசம் பிடிச்சாத்தான் பூனை சாப்பிடும். உங்க தயிர்சாதம் அதுக்குப் பேப்பர் மாதிரி" என்றார். அச்சகத்தில் வேலை பார்ப்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

திரும்பி வந்து சூசை சாரிடம் விவரத்தைச் சொன்னேன். அழுகிய பல் என்றதும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் சார். கடைசியில."

அவர் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. மூன்று வாரமாக அவரும் கஞ்சியும் ரசமும்தான் குடித்துக்கொண்டிருந்தாராம். வீட்டில் ஆட்டுக்கறி வைத்தாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பல் டாக்டர் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். கொஞ்ச நேரம் பெட்டிக்குள் மயக்கத்தில் கிடந்த பூனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"பூனை எப்படி சார் சொல்லும்?"

"நான் கேட்டிருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். மறுநாள் கன்னம் புசுபுசுவென்று வீங்கி, வாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார். பிடுங்கிவிட்டார்! பேச முடியாமல் சைகையில், பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நானும் சைகையிலேயே, உங்களை மாதிரிதான் இருக்கிறது என்றேன்.

வாசத்துக்குக் கருவாடு என்று யோசனை சொன்னது மாரியண்ணன். உப்புப் போக நாலு தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வேகவைத்து, அவித்த மீனோடு சேர்த்து மசிக்க வேண்டும். அவித்த மீன் அவர் வீட்டிலிருந்து வரும். முள் எடுத்து மசிப்பது என் பொறுப்பு. முதல் நாள் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பிசைந்தேன். ஆறிப்போகாமல் இருக்க, கிண்ணத்தைப் பழைய பெரிய மானிட்டரின் தலைமேல் வைத்தேன். சுட்டுக்கொண்டே இருக்கும் மானிட்டர் அது. அரை மணி நேரத்தில் அறை முழுக்கக் கடற்கரை.

மெஜந்தாவின் மூக்கு அசைந்தது. பிறகு தலை. பெட்டியின் விளிம்பில் முன்கால்களை வைத்து எட்டிப் பார்த்தது. விரலில் கொஞ்சம் எடுத்து நீட்டினேன். நக்கியது. சொரசொரவென்று அந்த நாக்கு பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னொரு விரல். அதுவும் காலி. ஒரு ஸ்பூன் முடிந்ததும் என்னைப் பார்த்து, கதவு கிறீச்சிடும் குரலில் ஒரு மியாவ். இன்னும் கேட்கிறது! மாரியண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அவர் வேலை நேரத்தில் மிஷினை நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாடிக்கையாளர்கள்தான் பாவம். ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண்ணின் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க ஒருவர் வந்தார். உட்கார்ந்ததும் நாலாப்பக்கமும் முகர்ந்தார்.

"ஏனுங்க, இதென்ன வாசமுங்க?"

"புது இங்க்குங்க" என்றேன், முகத்தை மாற்றாமல்.

"பத்திரிகையிலயும் இப்படித்தான் வருமுங்களா?"

அவர் கவலையைப் பார்த்து, சூசை சாரே பெட்டியைத் தூக்கிக் காட்டி உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் புரூஃபை மறந்து கால் மணி நேரம் தன் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசினார். நான் மணமகள் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நல்லவேளை, நானே பார்த்துத் திருத்தினேன்.

கழிவுப் பேப்பர் நிறுக்கும் தராசில் சனிக்கிழமைதோறும் மெஜந்தாவுக்கு எடை. முதல் வாரம் ஒன்றே முக்கால் கிலோ. அடுத்த சனிக்கிழமை இரண்டை எட்டியது. மூன்றாம் வாரம் தராசில் நிற்கவே மறுத்து, தட்டிலிருந்து குதித்து ஓடியது. ஓடியதே, அதுதான் எங்களுக்கு எடை. இடுப்புக் குழி மறைந்து, ரோமம் பளபளத்து, வெள்ளை வெள்ளையானது. முதுகுத் திட்டு மட்டும் போகவில்லை. இதற்கு நடுவில் ஒரு மர்மம். என் கணக்கை மீறிப் பூனை பெருத்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். சூசை சார் தன் டிபன் கேரியர் மூடியில் வஞ்சிர மீனை மசித்துக்கொண்டிருந்தார். ஒரு பாதி அவருக்கு, ஒரு பாதி மேஜைமேல் உட்கார்ந்திருந்த மெஜந்தாவுக்கு. "மெல்லத் தின்னு. புண்ணு ஆறலைல்ல" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.

கெடு முடியும் நாள் வந்தது. எலி ஒன்றுகூடப் பிடிபடவில்லை. காலையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. சாயங்காலம் கிளம்பும் நேரத்தில், பொறுக்க முடியாமல் நானே போய் நின்றேன்.

"சார், இன்னியோட ஒரு மாசம்."

"எதுக்கு?"

"எலி..."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியில் தூங்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தார். "நான் எந்திரிச்சா இது முழிச்சுக்கும். நீ பஸ்ஸப் பிடி, போ" என்றார்.

எலி வந்தது, நாலு நாள் கழித்து. காலையில் சூசை சாரின் நாற்காலியில், நடுமத்தியில், ஒரு கொழுத்த எலி. பக்கத்தில் மெஜந்தா, தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவள் மாதிரி. அவர் சந்தில் இருந்த எல்லாக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்று நாலு மணி டீயோடு எங்களுக்கு ஆளுக்கு இரண்டு உளுந்தவடை வந்தது. அதற்குமுன் வெறும் டீதான். "வயிறு நெறஞ்சாத்தான் வேலை ஓடும் போலிருக்கு" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். நான் அங்கே இருந்த வரைக்கும் வடை நிற்கவில்லை.

மூன்று வருஷம் கழித்துக் கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் போனேன். என் பத்திரிகையை நானே டைப் அடித்தேன். அதில் மூன்று பிழை.

இப்போது திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்துவிட்டோம். அந்தச் சந்தில் அச்சகம் இல்லை. இடித்துக் கட்டிய கட்டடத்தில் செல்போன் கடை. பத்திரிகைகள் எல்லாம் வாட்ஸப்பில் வருகின்றன, மூலை கடிபடாமல். சூசை சார் மகள் வீட்டுக்குத் திருச்சி போனார், அங்கேயே காலமானார். மெஜந்தா அதற்கு முன்பே போய்விட்டது. மாரியண்ணன்தான் போனில் சொன்னார். அப்புறம், என்னைத் தேற்றுவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழியில், அவர் சொன்னார்:

"மத்தியானம் மத்தி மீனு. மொத்தமும் தின்னுச்சு தாயி. இன்னும் வேணும்னு கேட்டு வாங்கித் தின்னுட்டுத்தான் படுத்துச்சு."