எஸ்தர் மேடம் எழுத்தில் கொடுத்த தவறு

கடந்த செவ்வாய்க்கிழமை காலை நான் நீதிமன்றத்துக்குப் புறப்படும் நேரத்தில், எஸ்தர் மேடத்தின் தம்பி கோலார் தங்கவயலிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். துறையில் உங்களில் பலர் அவரை என்னைவிட நெருக்கமாக அறிந்தவர்கள். நான் நேரில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நம் வரலாற்றுத் துறையில் பண்டைய கிரேக்க, ரோமானியச் சமூகம் என்ற பாடத்தை நாங்கள் இருவரும் பகிர்ந்து நடத்தினோம். சமூகம் அவருடையது, ரோமானியச் சட்டத்துக்காக வழக்கறிஞரான நான் வாரம் இருமுறை வருவேன். அவர் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். தாமதமானால், "ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போயிட்டு வந்துடலாம் சார், இந்த மாரிகுப்பம் வண்டியை நம்பித்தான் வர முடியல" என்பார்.

ஓராண்டு தேர்வு சமயத்தில் அவர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் விடைத்தாள்கள் முழுவதையும் நானே திருத்தினேன். ஏதென்ஸின் வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு மாணவி, மேலே வந்த அடிமைகள் வெளிச்சம் தாங்காமல் வாசலிலேயே கண்மூடி நின்றார்கள் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எந்த நூலிலும் நான் அதைப் படித்ததில்லை. 'சான்று இல்லை' என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவள் தேர்ச்சி பெறவில்லை.

விடுப்பு முடிந்து வந்த மேடம் அந்த விடைத்தாளுடன் என் முன் அமர்ந்தார்.

"நீங்க போட்டது சரிதான் சார். இது கிரேக்கன் இல்ல, எங்கப்பா. தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்ல இருந்து மேல வந்ததும் அப்படித்தான் நிப்பாரு. பேசற வேகத்துல ஏதென்ஸ் கதையோட சேர்த்துச் சொல்லிட்டேன். அவ அப்படியே எழுதியிருக்கா."

மதிப்பெண்ணை மாற்ற, காரணத்தைத் துறைத்தலைவருக்கு எழுத்தில் தரவேண்டும். அந்தப் பாடமே தேவையா என்று அவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே, "வாய்மொழியாகச் சொல்லிப் பாருங்கள் மேடம், எழுத்தில் வேண்டாம்" என்றேன். அது நல்ல சட்ட ஆலோசனைதான்.

"அந்தப் பொண்ணு எழுத்துலதானே சார் மாட்டிக்கிட்டா?" என்று சொல்லி, என் மேசையிலேயே கடிதத்தை எழுதி முடித்தார்.

மாணவி தேர்ச்சி பெற்றாள். மறு ஆண்டு பாடம் மேடத்திடமிருந்து எடுக்கப்பட்டு, பண்டைய இந்திய வரலாறு தரப்பட்டது. "ஒரு வருஷம் அசோகச் சக்கரவர்த்தியோட இருந்துட்டு வரேன்" என்றார். அடுத்த ஆண்டு பழைய பாடம் அவரிடமே திரும்பியது.

சான்று வேண்டும் என்ற என் பிடிவாதம் மாறவில்லை. மாறவேண்டும் என்று அவரும் சொன்னதில்லை. ஆனால் இன்றும் ஒரு விடையைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், இதை வகுப்பில் நான் சொன்னேனா என்று என் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கிறேன். சில முறை, நான்தான் சொல்லியிருக்கிறேன்.