அல்ஹஸாவில் விட்டுவந்த முகம்

மிஸ்னா என் நாத்தனார். என் கணவர் முத்லக்குக்கு ஒரே தங்கை. எங்கள் கூட்டத்துப் பெண்கள் கல்யாணமான நாளிலிருந்து முகமூடி போட்டுக்கொள்வோம். கறுப்புத் துணி, கண்ணுக்கு இரண்டு கீற்று, பின்னால் ஒரு முடிச்சு. வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. சாப்பிடும்போது ஓரத்தைத் தூக்கிக்கொள்வோம், தூங்குவதும் அதோடுதான். வெளியாட்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒன்றாகத் தெரிவோம். எங்களுக்கோ கீற்றின் வெட்டைப் பார்த்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். மிஸ்னா அந்தக் கீற்றின் வெளி ஓரத்தைச் சற்று மேலே ஏற்றி வெட்டுவாள். அதனால் எந்நேரமும் யாரையோ கேலி செய்கிற பார்வை ஒன்று அவளுக்கு இருந்தது. துணிக்குக் காட்டும் அகில் புகையையும் அவளே கலந்துகொள்வாள்.

"உன் முகமூடிக்கே வாய் முளைச்சிருக்குடி" என்பேன்.

"உங்க வாயை மூட ஒரு முகமூடி பத்தாது மதினி" என்பாள். அப்படிப்பட்டவள்.

அவளைச் சவூதிப் பக்கம், அல்ஹஸாவில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை நஹார் எங்கள் கூட்டம்தான், ராணுவத்தில் இருந்தான். எங்களிடம் கத்தார் கடவுச்சீட்டு, அவர்களிடம் சவூதிக் கடவுச்சீட்டு. வித்தியாசம் அவ்வளவுதான். எங்கள் ஒட்டகங்கள் அந்தப் பக்கம் மேயும், அவர்கள் ஊர்ப் பாலும் தயிரும் லாரியில் இந்தப் பக்கம் வரும். நடுவில் சல்வாவில் ஓர் எல்லைக் கேட் இருந்தது. அதை நாங்கள் பெரிதாக மதித்ததில்லை.

அந்த ரமலானில் என் மாமனாருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. மிஸ்னா பார்க்க வந்தாள். இரண்டு வயது மகன் ராக்கானுக்குக் காய்ச்சல். "பிள்ளையை இந்த வெயில்ல இழுத்துட்டு அலையாத. நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று நஹாரின் அக்கா தர்ஃபா சொல்லியிருக்கிறாள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், தம்பி வீட்டோடு இருந்தவள். மிஸ்னா வெள்ளிக்கிழமை வந்தாள், திங்கட்கிழமை திரும்புவதாகப் பேச்சு. அந்தத் திங்கட்கிழமை விடியும்போது சவூதியும் இன்னும் சில நாடுகளும் கத்தாரோடு உறவில்லை என்று அறிவித்து வழியை அடைத்துவிட்டன.

நானும் முத்லக்கும்தான் அவளைக் கேட்டுக்குக் கூட்டிப்போனோம். லாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற அந்தச் சாலையில் ஒரு வண்டி கிடையாது. தார் மட்டும் மினுமினுத்தது. எங்கள் வண்டிச் சத்தம் எங்களுக்கே கூச்சமாக இருந்தது. கேட்டில் நின்ற இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான்.

"சகோதரி, உங்ககிட்ட இருக்கறது கத்தார் சீட்டு. உள்ள விட எனக்கு உத்தரவு இல்ல."

"என் பிள்ளை உள்ள இருக்கான்."

"பிள்ளை எங்க நாட்டுப் பிள்ளை. அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

நஹார் பிள்ளையைக் கேட்டுவரை கொண்டுவந்து கொடுத்துவிடப் பார்த்தான். சவூதிப் பிரஜைகள் கத்தாருக்குள் போகக் கூடாது என்று தடையாம். பால் பல் விழாத ஒரு பிரஜை! எங்கள் வீட்டு ஆண்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து மன்னர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாரிப்பால் நின்றதும் விமானத்தில் பசுமாடுகள் வந்து இறங்கின. மாடு வானத்தில் பறந்து வரலாம், என் நாத்தனார் தரையில் இரண்டு மணி நேரம் போகக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

பிறகு ஒட்டகங்களைத் துரத்தினார்கள். கத்தார்க்காரனின் மந்தை இனி இங்கே மேயக்கூடாது, ஓட்டிக்கொண்டு போ என்று உத்தரவு. ஆயிரக்கணக்கில் கேட்டு முன்னால் வெயிலில் நின்றன. தண்ணீர் இல்லாமல் விழுந்தவை விழுந்தபடி கிடந்தன. எங்கள் மந்தையில் மல்ஹா என்று ஒரு கறுப்பு ஒட்டகம், கன்று போட்டிருந்தது. மல்ஹா வந்து சேர்ந்தது, கன்று வரவில்லை. கூட்டத்தில் பிரிந்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்றான் மேய்ப்பவன். பொழுது சாயும் நேரத்தில் மல்ஹா மேற்கே திரும்பி நின்று கத்தும். தொண்டையிலிருந்து வருகிற சத்தம் இல்லை அது. வயிற்றின் அடியிலிருந்து வரும். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். மிஸ்னா வெளியே போய் அதன் பக்கத்தில் நிற்பாள்.

மடியில் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது. மாமனார் ஊன்றுகோலோடு எழுந்து வந்து, கேட்டில் செத்த வேறொரு கன்றின் தோலை வாங்கிவரச் சொல்லி, வைக்கோல் திணித்துத் தைத்தார். மல்ஹாவின் மூத்திரத்தையே அதன்மேல் தேய்த்தார். தாயின் மூக்கைத் துணியால் கட்டி அதைக் கொஞ்ச நேரம் தவிக்கவிட்டு, அவிழ்த்ததும் வைக்கோல் கன்றை முன்னால் நிறுத்தினார். தாய்க்குச் செய்கிற பழைய ஏமாற்று. கன்று செத்தால் எல்லாரும் செய்வதுதான்.

மிஸ்னா ஓடிவந்தாள். "வாப்பா, வேணாம்! அதோட கன்னு உயிரோட இருக்கு. உயிரோட இருக்கறதுக்கு யாராவது வைக்கோல் கன்னு செய்வாங்களா?"

"இருக்கட்டும்மா. ஆனா மடி வெடிச்சா இது செத்துரும். அப்ப கன்னு இருந்து யாருக்கு?"

மல்ஹா குனிந்து மோந்தது. நெடுநேரம் மோந்தது. பிறகு அந்த வைக்கோல் முதுகை நக்க ஆரம்பித்தது, பால் சொரிந்தது. அன்று மாலை அது கத்தவில்லை. அந்த அமைதி கத்தலைவிட மோசமாக இருந்தது. மிஸ்னா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அப்போதெல்லாம் அல்ஹஸாவிலிருந்து போன் வரும், திருட்டுத்தனமாக. எங்கள்மேல் பரிவு காட்டிப் பேசினாலே குற்றம் என்று சொல்லிக்கொண்டார்கள். நஹார் சீருடைக்காரன், பயந்தான். தர்ஃபாதான் பேசுவாள். ராக்கான் சாப்பிடவில்லை, ஒவ்வொரு அறையாகப் போய்த் திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறான், அழுது அழுது மூச்சு நின்று உதடு நீலமாகிவிடுகிறது என்பாள். அன்றைக்கு மிஸ்னா அழுதுகொண்டே மல்ஹாவின் கதையை அவளிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்புறம் தர்ஃபா கேட்டாள், "ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு" என்றாள் மிஸ்னா.

அதற்குப் பிறகு வந்த செய்தி எல்லாம் நல்ல செய்தி. ராக்கான் சாப்பிடுகிறான். ராக்கான் தூங்குகிறான். ராக்கான் சிரிக்கிறான். நான் இறைவனுக்கு நன்றி சொன்னேன். மிஸ்னாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எப்படி மதினி, திடீர்னு?" என்று கேட்டபடியே இருந்தாள். ஒருநாள் மதியம், முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் அவனைக் காட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அங்கே அவள் மாமியார்க்காரி போனைப் பிடித்துக் காட்டினாள்.

திரையில் மிஸ்னா இருந்தாள். அவள் அல்ஹஸாவில் விட்டுவந்த முகமூடி, வெளி ஓரம் ஏறிய அதே கீற்று, அவளுடைய பச்சைப் பாவாடை. மடியில் ராக்கான் உட்கார்ந்து, அந்த முகமூடியின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தான். என் பக்கத்தில் இருப்பவள் மிஸ்னாவா, அதில் இருப்பவள் மிஸ்னாவா என்று ஒரு கணம் எனக்கே தடுமாறியது.

"கழட்டு!" என்று மிஸ்னா அலறினாள். "அது என் மூஞ்சி! கழட்டுடி!"

போனிலிருந்து வந்த அலறலைக் கேட்டு ராக்கான் பயந்து, திரையில் இருந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "உம்மா, உம்மா" என்று அவளைத்தான் கூப்பிட்டான்.

"மிஸ்னா, அவன் சாகக் கிடந்தான்" என்றது தர்ஃபாவின் குரல். "நான் வேற என்ன பண்ணட்டும்?"

அழைப்பை மாமியார் துண்டித்தாள். பிள்ளையைக் குழப்ப வேண்டாம், இனி பேச வேண்டாம் என்று நஹாரிடமிருந்து ஒரு வரி வந்தது. அதோடு போனும் நின்றது.

அன்று மிஸ்னா தன் முகமூடியைக் கழற்றிக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினாள். பிறகு அவள் அதைப் போடவே இல்லை. அவள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன். சின்ன மூக்கு, பயந்த பிள்ளையின் வாய். அந்தக் கேலிப் பார்வை துணியோடு போய்விட்டது.

வழி திறக்கவில்லை. மனு கொடுத்தோம், ஆள் பிடித்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த வருஷங்களில் என்னை உலுக்கியது மூடிக்கிடந்த கேட் அல்ல, மிஸ்னாவின் பேச்சுதான். ஒரு நாள் பிற்பகல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "மதினி, நான் இப்ப என்ன பண்ணிட்டிருப்பேன்?" என்றாள்.

"தேநீர் குடிச்சிட்டிருக்க. வேற என்ன?"

"இங்க இல்ல. அங்க." மேற்கே பார்த்தாள். "அஸர் தொழுகை நேரம். அவனுக்குப் பால் ஆத்திட்டிருப்பேன். அவன் வேணாம்பான். நான் மிரட்டுவேன்."

"அடி, வாயைக் கழுவு. நீ இங்க இருக்க."

"இங்க இருக்கறது வைக்கோல் மதினி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தாள். நான் குர்ஆன் வசனம் ஓதி அவள்மேல் ஊதினேன். சிரித்தாள். அதன்பிறகு தினமும் அந்த நேரத்தில் அல்ஹஸாவில் தான் செய்துகொண்டிருப்பதைச் சொல்வாள். இன்றைக்கு ராக்கானுக்கு முடி வெட்டினேன். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

நாலாவது குளிர்காலத்தில், ஒரு மாலை தொலைக்காட்சியில் மன்னர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். கேட் திறந்தது. எதற்கு மூடினார்கள், எதற்குத் திறந்தார்கள் என்று எங்கள் வீட்டு ஆண்கள் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். கொரோனாக் காலம், உலகமே முகத்தை மூடிக்கொண்டு திரிந்தது. மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து எங்களை அனுப்பினார்கள். அல்ஹஸா பேரீச்சந்தோப்புகள் தெரிந்ததும், "மதினி, நான் வீட்ல இருப்பேனா?" என்றாள் மிஸ்னா.

மிஸ்னாவின் மாமியார் போன வருஷம் இறந்துவிட்டிருந்தாள். நஹார் முத்லக்கை வெளிக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு எங்களை உள்ளே கூட்டிப்போனான். தர்ஃபா நின்றிருந்தாள். அதே வெட்டு. பழையது நைந்துபோக, அதைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகத் தைத்திருக்கிறாள். மிஸ்னாவே இவ்வளவு கச்சிதமாக வெட்டியதில்லை. அதே அகில் வாசனை. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ராக்கான், நெடுநெடுவென்று வளர்ந்தவன்.

மிஸ்னா மண்டியிட்டுக் கையை நீட்டினாள். "ராக்கான், உம்மா வந்திருக்கேன்டா."

அவன் தர்ஃபாவின் பின்னால் போனான்.

நஹாருக்குப் பொறுமை போயிற்று. இத்தனை வருஷத்து வெட்கம் அவனை அவசரப்படுத்தியது. "அக்கா, அதைக் கழட்டு. உண்மை தெரியட்டும்."

"இப்ப வேணாம் தம்பி. மெல்ல மெல்லச் சொல்லிக்கலாம்."

"கழட்டுன்னு சொல்றேன்ல!"

தர்ஃபா முடிச்சை அவிழ்த்தாள். வெளிறிப்போன, சுருங்கிய, அழுதுகொண்டிருந்த முகம். வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ராக்கான் அண்ணாந்து பார்த்தான். அவன் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. பாவாடையை மெல்ல விட்டான். மிஸ்னாவைப் பார்த்தான், மறுபடி தர்ஃபாவைப் பார்த்தான், பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

"உம்மா எங்க?" என்றான்.

அவன் ஓடினான். அடுத்த அறை, சமையலறை, படிக்கட்டு. திரைச்சீலைகளை இழுக்கும் சத்தம். "உம்மா! உம்மா!" மாடியில் அழுகை ஏறிக்கொண்டே போய் நடுவில் அறுந்தது. மூச்சு நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. நஹார் மேலே ஓடினான், பிள்ளையோ அவனை அடித்து உதைத்துத் தள்ளினான்.

தர்ஃபா முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். தன் முகத்தில் வைத்துக்கொண்டால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அவள் அதை மிஸ்னாவிடம் நீட்டினாள்.

"நீ கட்டிக்கோ. நான் கட்டினா அவன் இனிமே உனக்கு இல்ல."

"நான் அவனோட உம்மா" என்றாள் மிஸ்னா. "என் பிள்ளையை நான் ஏமாத்தணுமா?"

"ஏமாத்து" என்றாள் தர்ஃபா. "சீக்கிரம்."

மிஸ்னா கட்டிக்கொண்டாள். முடிச்சைப் போட்டுவிட்டது நான்தான். தர்ஃபா திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

ராக்கான் படியில் தெரிந்தான். உதடு நீலமாக இருந்தது. பார்த்தான். ஓடிவந்து மிஸ்னாவின் கழுத்தில் முகம் புதைத்து மோந்தான். முகமூடியின் ஓரத்தைத் தேடிப் பிடித்து விரலால் சுருட்டினான். மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

"எங்க போயிட்ட உம்மா? ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. மூஞ்சியே இல்லாம. ரெண்டு பேருக்கும் மூஞ்சியே இல்ல."

மிஸ்னா வாயைத் திறந்தாள். தன் குரல் அவனுக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேசாமல் அவன் தலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"போயிட்டாங்க கண்ணு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து தர்ஃபாவின் குரல். "ரெண்டு பேரும் போயிட்டாங்க. இனி வரமாட்டாங்க."