ஜூட்சன் தட்டிப் பார்த்த ரொட்டி

நுவரெலியாவில் கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் கூடமொன்றில் ஜூட்சனுக்கு வேலை. இரும்புக் கம்பியோ கொங்கிரீட் துண்டோ, எது வந்தாலும் பஞ்சின் மேல் வைத்து, விரலளவுச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவான். எழும் ஓசையை மைக் பிடித்துக்கொள்ளும். எடையையும் அளவையும் சேர்த்துக் கணினி கணக்குப் போட்டு, சாமான் எவ்வளவு விறைப்பு என்று சொல்லிவிடும். எதையும் உடைக்கத் தேவையில்லை.

ஜூட்சன் உடைத்ததெல்லாம் சம்பந்தங்களைத்தான். முதல் பெண் வீட்டில், சீதனமாகத் தருவதாகச் சொன்ன அலுமாரியைத் தட்டிவிட்டு, "தேக்கு இல்லீங்க, தூள் பலகை" என்றான். அடுத்த வீட்டில் பெண்ணின் பெரியப்பாவுடைய பொய்க்காலைத் தட்டி, "நல்ல சாமானுங்க" என்று பாராட்டினான். இரண்டு வீட்டிலும் தேநீர்கூட முழுசாகக் குடிக்க விடவில்லை.

கொட்டகலையில் யூஜினாவைப் பெண் பார்க்கப் புறப்பட்டபோது அவன் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "சுத்தியல எடுத்த, தொலைச்சிருவேன். இதுவும் போச்சுன்னா ஒரு கம்பியத்தான்டா ஒனக்குக் கட்டி வைக்கணும்."

ஜூட்சன் தலையாட்டிவிட்டு, சுத்தியலைக் காலுறைக்குள் செருகிக்கொண்டான்.

பஸ் பிந்தியது. யூஜினாவின் அம்மா மார்கிரட் சுட்டு வைத்த தேங்காய் ரொட்டி குளிரில் கிடந்து விறைத்தது. தட்டு முன்னால் வந்ததும் ஜூட்சன் பிய்க்கப் பார்த்தான். பிய்யவில்லை. கை தானாகக் காலுறைக்குப் போனது.

டிங்!

"விரிசலே இல்லீங்கம்மா!" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான விறைப்பு."

"ஏன் தம்பி, நான் ரொட்டி சுட்டேனா, கூரைத் தகரம் அடிச்சேனா?" மார்கிரட் எழுந்தேவிட்டாள்.

ஜூட்சனின் அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். யூஜினாவின் அப்பா அன்டனுக்குச் சிரிப்பை அடக்கப்போய்த் தேநீர் புரையேறியது.

அதற்குள் யூஜினா அடுப்படியிலிருந்து சுடச்சுட ஒரு ரொட்டியோடு வந்தாள். "இது நான் சுட்டது. இதையும் தட்டுங்க."

தொப்.

வேலைப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. "இது தேறாதுங்க."

"எதுக்கு? செவத்துக்கா, சாப்புடவா?"

"செவத்துக்குத்தான்..."

"அப்ப சாப்புட்டுப் பாருங்க."

சாப்பிட்டுவிட்டு, இன்னும் மூன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"அப்பா, எனக்குச் சரி," என்றாள் யூஜினா. "பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் அம்மா ரொட்டி பிரமாதம்னு பொய் சொல்லிட்டுத்தான் போனாங்க. இவருதான் தட்டியே உண்மையக் காட்டிட்டாரு."

"அடிப்பாவி!" என்ற மார்கிரட், கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, மிச்ச ரொட்டியைப் பேப்பரில் சுற்றினாள். "இந்தாங்க மாப்ள, ஒங்க ஆபீஸ்ல காட்டுங்க. பஸ்ல ஒடஞ்சிராமப் பாத்துப் போங்க."

"ஒடையவே ஒடையாதுங்க அத்த," என்றான் ஜூட்சன். ஒன்றை மட்டும் தட்டிவிட்டு மிச்சத்துக்கெல்லாம் சேர்த்து அவன் கொடுத்த முதல் உத்தரவாதம் அதுதான்.